நெற்றியில் புற்றுமண், நோட்டில் ஒரு கேள்விக்குறி

போன வாரம் கோயில் வாசலில், நெற்றியில் புற்றுமண்ணோடு பிடிபட்டேன்.

பிடித்தவர் எங்கள் ஊர் டாக்டரம்மா. எங்கேயோ பிரசவம் பார்த்துவிட்டுக் குதிரைவண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

“என்னம்மா, நம்ம ஆஸ்பத்திரியில இப்ப ஊசிக்குப் பதிலா புத்துமண்ணா பூசி விடுதாங்க?”

எனக்கு இது ஆறாவது மாதம். காலில் கருவேலமுள் ஏறிச் சீழ் பிடித்து, காய்ச்சல் வேறு. ஆறு நாள் பென்சிலின் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். முதல் நாள் போட்டேன். அடுத்த இரண்டு நாளும் ‘ஊசிக்குப் போறேன்’ என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, நொண்டி நொண்டிக் கோயிலுக்குப் போனேன்!

“புண்ணுல பூசலியே?”

“இல்ல டாக்டரம்மா... நெத்தியில மட்டுந்தான்.”

“நல்லவேளை. வண்டியில ஏறுங்க.”

படித்தவள் செய்கிற காரியமா என்று கேட்பீர்கள். உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே — பாலைக் காய்ச்சி, காய்ச்சியது போதுமா என்று மறுபடியும் காய்ச்சுகிறவள்.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாதத்தில், எனக்கு நிமோனியா. பென்சிலின்தான் என்னைக் காப்பாற்றியது. இப்போது அவளுக்கு மூன்று வயது. மாதம் தவறாமல் இரைப்பு வருகிறது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கும். விலாவெல்லாம் உள்ளே போய் உள்ளே போய் வரும். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர என்ன செய்ய?

என் மதினி இருக்கிறாளே, அவள் ஒரு நாள் சொன்னாள்: “வயித்துக்குள்ள இருக்கும்போதே ஊசி மருந்து குடிச்ச பிள்ளைலா! இழுக்காம என்ன செய்யும்?”

அன்றிலிருந்து அந்தப் பேச்சு என்னை விடவில்லை. இன்னொன்றுக்கும் அதையே செய்யவா?

ஆஸ்பத்திரியில் இதை அழுதுகொண்டே கேட்டேன். ‘பைத்தியமா உனக்கு’ என்று திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

“தெரியாதும்மா.”

டாக்டர் ஒருவர் அப்படிச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை.

“நான் படிச்சதுல அப்படி இல்ல. ஆனா மருந்தே புதுசு, யுத்தத்துக்குப் பிறகுதான் நம்ம பக்கம் வந்தது. இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ண மாட்டேன். இந்தச் சீழ் ரத்தத்துல ஏறினா உங்களையும் வயித்துப் பிள்ளையையும் என்ன செய்யும்... அது எனக்குத் தெரியும். பார்த்திருக்கேன்.”

பிறகு ஒரு நோட்டை எடுத்தார். இரைப்பு எப்போது தொடங்கியது, பனிக்காலத்தில் கூடுகிறதா, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா, பிள்ளை தூங்குகிற இடத்தில் பஞ்சுத்தூசி உண்டா — எல்லாம் கேட்டு எழுதினார். கடைசியில், ‘ஏழாம் மாதத்தில் தாய்க்குப் பென்சிலின்’ என்று எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டார்.

“எங்க மதினி சொன்னதையா எழுதுதீங்க?”

“மதினி சொன்னா என்ன? இன்னும் நாலு தாய்மார் இதையே சொன்னா நானும் யோசிக்கணும்லா?”

இந்தத் தடவையாவது கையில் போடுவார் என்று கையை நீட்டினேன். கையில் இல்லையாம், திரும்பிப் படுக்கச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து ஆறு நாள்.

காய்ச்சல் விட்டது. கால் வீக்கமும் வற்றிவிட்டது. பயம் விட்டதா? இல்லை. பிறக்கப் போகிற பிள்ளையின் நெஞ்சிலும் காது வைத்துக் கேட்கத்தான் போகிறேன். ஆனால் இப்போது அந்தக் கேள்வியை நான் மட்டும் சுமக்கவில்லை. பாதி அந்த நோட்டில் இருக்கிறது.

கடைசி ஊசிக்குப் போன அன்று, போகிற வழியில் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் கொஞ்சம் பொட்டலம் கட்டி எடுத்துப் போனேன். தயங்கித் தயங்கித்தான் நீட்டினேன். டாக்டரம்மா பயபக்தியாக வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டார்.

அப்புறம் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினார்.

“ம்... இப்பத் திரும்பிப் படுங்க.”