மாமா வீட்டுக் கல்யாணத்தில் வயலின்

எங்கள் ஊர் ஆர்கெஸ்ட்ராவைப் பற்றி என்னிடம் யாரும் நல்ல வார்த்தை எதிர்பார்க்கக் கூடாது. தஞ்சாவூரிலிருந்து காசுக்கு வாசிக்க வரும் தொழில்காரர்கள் மூன்று பேர். மற்றவர்கள் உள்ளூர்: தபால்காரர், மருந்துக்கடைக்காரர், வாத்தியார். ஆசைக்கு வாசிப்பவர்கள். அப்பாவும் அதில் ஒருவர். அவருக்குப் பொதுப்பணித் துறையில் லஸ்கர் வேலை. மதகு ஷட்டரைத் திருப்பி வாய்க்காலில் தண்ணீர் விட வேண்டும். அந்தக் கையால்தான் வயலின் வாசித்தார்.

அம்மாவின் அண்ணனுக்கு இது பெரிய வேடிக்கை. ரைஸ் மில் வைத்திருந்த மனிதர். நாலு பேர் இருக்கும்போதுதான் ஆரம்பிப்பார். “ஷட்டர் திருப்புற கைக்கு வயலின் எதுக்கு மாப்ள?” அப்பா சிரித்துவைப்பார். அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள்.

திருப்பனந்தாளில் அந்த மாமாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. வரவேற்புக்கு எங்கள் ஆர்கெஸ்ட்ராதான். ஒரு பழைய பாட்டின் தொடக்கத்தில் வயலின் மட்டும் தனியாக வரும். அதை அன்றைக்குத் தன்னிடம் விடச் சொல்லி, குழுவை நடத்திய போட்டோ ஸ்டுடியோக்காரரிடம் அப்பா போய்க் கேட்டார். அப்பா யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஸ்டுடியோக்காரர் தாராளமாகத் தலையாட்டினார். அதிலிருந்து மதகடியில் உட்கார்ந்து அப்பா அதையே வாசித்தார். தண்ணீர் இரைச்சலுக்கு நடுவே கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

வரவேற்பன்று மேடையை ஒட்டி, அப்பாவுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். பெரிய ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வயலின் பொங்கி வந்தது. பந்திக்கு எழுந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். பாதியில் அப்பாவின் வயலினில் ஒரு கம்பி அறுந்து விரலில் சுருண்டது. வில்லை எடுத்துவிட்டார். சத்தம் நிற்கவில்லை. முன்னைவிட அழகாகப் போய்க்கொண்டிருந்தது.

வாசித்தவன் பின்னால் இருந்த தஞ்சாவூர் கீபோர்டுக்காரன். உள்ளூர்க்காரர்கள் மைக்கை ஸ்டுடியோக்காரரும் தஞ்சாவூர்க்காரர்களும் ஒருநாளும் திறந்துவிட்டதில்லையாம். மேடை நிறைந்து தெரிய ஆள் வேண்டும், அவ்வளவுதான். தபால்காரர் பல வருஷம் கழித்து எனக்குச் சொன்னார். அயோக்கியர்கள். உன் வாசிப்பு போதாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம்.

அதுவரை பெட்டியில் வந்தது தன் சத்தம் என்றுதான் அப்பா நம்பியிருப்பார். திரும்பிக் கீபோர்டுக்காரனைப் பார்த்தார். பிறகு வில்லை மறுபடி கம்பிமேல் வைத்து, அந்தப் பகுதி முடியும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மாமா மேடையேறிச் சால்வை போர்த்தினார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை.

“இவ்ளோ நாளா கிண்டல் பண்ணிட்டேன் மாப்ள. மனசுல வெச்சுக்காதீங்க. இப்படி வாசிப்பீங்கன்னு தெரியாமப் போச்சு.”

அப்பா வாயைத் திறந்தார். முன்வரிசையில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் வாயால் அப்படி ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தவள். அப்பா அவளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு கும்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா சால்வையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. அப்பாவின் காதோரம் போய், “கம்பி அறுந்த பிறகும் எப்படிப்பா வாசிச்சீங்க?” என்றேன்.

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மாகிட்ட சொல்லாத” என்றார்.

பெரிய வித்தைக்காரர்கள் ரகசியத்தை வெளியே விட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மட்டுமாவது அதைச் சொல்லிக்கொடுக்கும்படி, அடுத்த அறுவடை வரை அவரை விடாமல் நச்சரித்தேன்.