பொட்டு வைத்த கேஸ் கம்பம்

வீட்டுத் தரகு வேலைக்கு நான் திட்டம் போட்டு வரவில்லை. ஆவடியில் என் கணவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில்தான் குடியிருக்கிறோம். அங்கே ரிட்டயர்மெண்ட் நெருங்க நெருங்க எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு ஓடும். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது? சொந்த ஊர் மதுரையாக இருந்தாலும் சேலமாக இருந்தாலும் யாரும் திரும்பிப் போவதில்லை. பிள்ளைகள் இங்கேயே படித்து இங்கேயே வேலையில் சேர்ந்திருப்பார்கள். அப்படி எங்கள் பிளாக்கில் ஒரு குடும்பத்துக்குத் திருநின்றவூரில் வீடு பார்த்துக் கொடுத்தேன். அது நல்லபடியாக அமைந்ததும் அடுத்த பிளாக்கிலிருந்து ஆள் வந்தது. அதற்கடுத்து ஆள் வந்தபோது நான் தரகராகியிருந்தேன்.

வெயிலில் முகம் கருத்துப்போவதைத் தவிர அந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்தவர் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்து வெளியே என்ன தெரிகிறது என்று பார்ப்பதில் எனக்கு அப்படி ஓர் ஆசை.

எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. திருநின்றவூர்ப் பக்கமே பிறந்து வளர்ந்தவர். அவர்கள் வீட்டில் இன்னும் கொஞ்சம் நிலம் இருக்கிறது, இரண்டு மாடும் இருக்கிறது. மீதி நேரத்துக்கு ரியல் எஸ்டேட். எந்த மனை யாருடையது, அண்ணன் தம்பிக்குள் என்ன தகராறு, எல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் அவரை அண்ணே என்பேன். என்னைவிட மூத்தவராக இருந்தும் அவர் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தொழிலில் அது மரியாதை.

ஒரு நாள் அவர் போன் செய்தார். "அக்கா, ஏரிக்கு இந்தாண்ட ஒரு ஊடு வந்துகீது. ஓனரம்மா நமக்குத் தெரிஞ்சவங்க. பார்த்தா வுடவே மாட்டே."

அப்போது என்னிடம் ஒரு குடும்பம் வீடு கேட்டுக்கொண்டிருந்தது. அம்பத்தூரில் வாடகைக்கு இருந்தார்கள். மனைவி வேலப்பன்சாவடிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர், அதிகம் பேசாத மனிதர். அவருடைய அம்மா அந்தப் பேச்சையும் சேர்த்துப் பேசுவார். அப்பா ஓர் ஆபரேஷனுக்காகக் காத்திருந்தார். மற்ற மூவரையும் வரச் சொன்னேன்.

வீடு உண்மையிலேயே அருமையாக இருந்தது. தெருவின் கடைசி வீடு. கிழக்குப் பக்கம் நீளவாக்கில் வெட்டவெளி, கட்டடமே இல்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தேன். காற்று உள்ளே வந்து காலண்டரைத் தூக்கி அடித்தது. நர்ஸ் பெண் அந்த ஜன்னலோரமே நின்றுவிட்டாள். இப்போது குடியிருக்கும் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கு எட்டுகிறது என்றாள்.

நான் மாமியாரம்மாவைத் தேடினேன். அவர் வெளியே இருந்தார். வெட்டவெளியின் ஓரத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு மஞ்சள் கம்பம் நடப்பட்டிருந்தது. அதன் மேல் மஞ்சள் பூசி, வரிசையாகக் குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றியிருந்தார்கள். அடியில் ஓர் அகல்விளக்கு. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அம்மா அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"இன்னா சாமி இது?" என்று என் கூட்டாளியைக் கேட்டார்.

"எல்லைச் சாமிம்மா. ரொம்ப சக்தி," என்றார் அவர், கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு.

"அப்போ வாசல்லயே காவல் கீது! இந்தக் காலி எடத்தையும் கேட்டுப் பாருப்பா. நாலு தென்னங்கன்னு வெச்சா ஊட்டுக்கு ஆவும்."

எனக்கு அந்தக் கம்பம் உறுத்தியது. எல்லைச் சாமியை இத்தனை நேர்த்தியாகப் பெயிண்ட் அடித்து வைத்து நான் பார்த்ததில்லை. குனிந்து பார்த்தேன். குங்குமத்துக்கு நடுவே ஓர் எழுத்தின் வால் தெரிந்தது. நிமிர்ந்தால், வெட்டவெளியின் மறுகோடியில் இன்னொரு மஞ்சள் கம்பம். அதற்கும் அப்பால், சாலை தாண்டி, இன்னொன்று. ஒரே நேர்கோட்டில் சாமிகள் வரிசை கட்டி நிற்குமா என்ன?

அவர்களை அனுப்பிவிட்டு மறுநாள் காலை தனியாகப் போனேன். காக்கி உடுப்பில் ஓர் ஆள் ஈரத்துணியால் கம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் குழாய் வழி நடந்து பார்க்கும் ஊழியர். எரிவாயுக் குழாய் போகும் பாதை நெடுக நடந்து, யாராவது தோண்டுகிறார்களா, கட்டுகிறார்களா என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

"நானும் வரும்போதெல்லாம் துடைக்கிறேம்மா. மறுபடி வந்தா பொட்டு வெச்சிருக்காங்க. போன வாரம் பொங்கல் வேற வெச்சிருக்காங்க, இதும்பக்கத்துல அடுப்பு மூட்டி! கேஸ் பைப்புக்குப் பக்கத்துலயா பொங்கல் வைப்பாங்க?" அவர் பாவம், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

குங்குமம் போனதும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. கீழே எரிவாயுக் குழாய், தோண்டாதே, அவசரத்துக்கு இந்த எண். அந்தக் காலி இடத்துக்கு அடியில்தான் குழாய் போகிறது. அதனால்தான் அங்கே ஒருவரும் வீடு கட்டவில்லை.

அதற்குள் வீட்டுக்காரம்மா வெளியே வந்தார். என்னையும் துடைத்த கம்பத்தையும் பார்த்து முகம் சுருங்கியது. ஆனால் அவர் சொன்ன கதையைக் கேட்டு என்னால் கோபப்பட முடியவில்லை.

"மறைக்கணும்னு வெக்கலம்மா. இந்தாண்ட போறவன் வர்றவன் எல்லாம் இந்தக் கம்பத்தாண்டதான் ஒண்ணுக்கு அடிப்பான். நாத்தம் தாங்கல. ஒரு நாளு மஞ்சளப் பூசி பொட்டு வெச்சேன். அன்னியோட ஒரு பய வரல. அப்பறம் தெரு பொம்பளைங்க விளக்கு வெக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் இன்னா செய்ய? சாமி இல்லன்னு நான் சொன்னா என்னியதான் அடிப்பாங்க."

"வீடு பார்க்க வர்றவங்ககிட்ட சொல்லலாம்லம்மா?"

"முன்னாடி வந்த ரெண்டு பேர்கிட்ட சொன்னேன். அப்டியே பைக்க முறுக்கிகினு போய்ட்டாங்க. அப்பறம் கேக்காதவங்களுக்கு நானா சொல்றதில்ல."

டீக்கடையில் கூட்டாளியைப் பிடித்தேன். அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

"அக்கா, நீ வாயத் தொறந்தே, பார்ட்டி ஓடிப்பூடும். பூமிக்குக் கீழ இன்னா கீதுன்னு யாரு பார்த்தா? கேபிள் போவுது, சாக்கடை போவுது. அதெல்லாமா சொல்லிகினு கீறோம்?"

"அந்தம்மா அங்க தென்னங்கன்னு வைக்கணும்ங்காங்க அண்ணே. நாளைக்குக் குழி தோண்டக் கடப்பாரையத் தூக்கினா?"

"அப்ப பார்த்துக்கலாம்."

"அப்ப நாம பார்க்க மாட்டோம். அவங்கதான் பார்ப்பாங்க."

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். தொழிலில் எங்களுக்குள் வந்த முதல் சண்டை அதுதான். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கும் மனசு சரியில்லை. அந்த ஜன்னலோரம் நின்ற பெண்ணின் முகத்தை நினைத்தால், சொல்லிக் கெடுக்க வேண்டுமா என்றும் இருந்தது.

அடுத்த முறை மூவரும் வந்தபோது, விலை பேசுவதற்கு முன்னால், வீட்டுக்காரம்மாவையும் கூட்டாளியையும் கூடத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். கிழக்குப் பக்கக் காலி இடத்துக்கு அடியில் எரிவாயுக் குழாய் போகிறது. அங்கே கட்டக்கூடாது, தோண்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. அந்த மஞ்சள் கம்பம் அதற்கான எச்சரிக்கை.

மாமியாரம்மா மெதுவாகக் கேட்டார்.

"அப்போ நான் அன்னிக்கு கேஸ் பைப்பையா சுத்திகினு இருந்தேன்?"

அவர் மகன் சிரிக்க ஆரம்பித்தார். அந்தப் பேசாத மனிதர் அப்படிச் சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர, "நைனாக்கு ஆபரேஷன் நல்லா ஆகணும்னு வேண்டிகினு வந்தேன்னு சொன்னியேம்மா, கேஸ் பைப்பாண்டயா வேண்டிகினே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் சிரித்தார். அம்மா அவரை முறைத்தார். வீட்டுக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய் மோர் எடுத்து வந்தார்.

சிரித்தாலும் அவர்கள் அன்றைக்கு வீட்டைப் பற்றி மேற்கொண்டு பேசாமல் கிளம்பிவிட்டார்கள். கூட்டாளி என்னைப் பார்த்த பார்வை, நான்தான் குழாயைப் புதைத்தேன் என்பது போல இருந்தது.

நர்ஸ் பெண்ணிடமிருந்து போன் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வந்தது, டியூட்டி முடிந்து பஸ்ஸில் போகும்போது.

"அக்கா, அந்தக் கம்பத்துல இருந்த நம்பருக்குப் பேசினேன். ஞாயித்துக்கிழமை ஒரு ஆளு வந்து எடம் காட்டுறேன்னாங்க. நீங்களும் வாங்க."

"பயமா இல்லையாம்மா?"

"ஆஸ்பத்திரில சுவத்துக்குள்ள ஆக்சிஜன் லைன் ஓடுதுக்கா. நாள் பூரா அதுங்கூடதான் வேலை. எது எங்க போவுது, எத தொடக்கூடாதுன்னு தெரிஞ்சுட்டா போதும். தெரியாம இருந்தாதான் எனக்கு பயம்."

ஞாயிற்றுக்கிழமை குழாய் அலுவலகத்திலிருந்து ஒருவர் டேப்போடு வந்தார். குழாய் போகும் பட்டை எது, வீட்டு மனை எங்கே தொடங்குகிறது என்று அளந்து காட்டினார். வீடும் காம்பவுண்டும் பட்டைக்கு வெளியே இருந்தன. போர்வெல்லும் மறுபக்கம்தான். நர்ஸ் பெண் நோயாளியின் சீட்டைப் படிப்பவளைப் போல ஒன்றொன்றாகக் கேட்டாள். கசிந்தால் எப்படித் தெரியும்? காற்றுப் போவதுபோல் உஸ்ஸென்று சத்தம் வரும், மண் பறக்கும், தேங்கிய தண்ணீரில் குமிழ் வரும், அந்த இடத்தில் மட்டும் புல் காய்ந்திருக்கும். அப்போது என்ன செய்வது? சுவிட்சைத் தொடாமல், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், எல்லோரும் தள்ளிப் போய்விட்டு அப்புறம் போன் செய்ய வேண்டும்.

"கீரை போடலாமா?" என்றார் மாமியாரம்மா.

"எடத்துக்காரங்க ஒத்துக்கிட்டா போடலாம்மா. வேர் ஆழமாப் போற மரம்தான் கூடாது."

"அப்போ தென்னங்கன்னு வேணா. அரக்கீரை போதும்." அம்மாவின் முகம் தெளிந்தது.

திரும்பும்போது பெண் தன் கணவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இந்தப் பக்கம் யாராலும் எப்பவும் ஊடு கட்ட முடியாதுங்க. நம்ம ஜன்னல எவனும் அடைக்க மாட்டான்."

அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான், முடிந்தது.

பத்திரம் பதிந்த அன்று வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லியும் வாங்கறவங்க கீறாங்கன்னு எனக்குத் தெரியாம போச்சு," என்றார். தெரு பெண்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். பிறகு தெருமுனை வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, விளக்கை அங்கே மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கல்லைச் சுற்றி இப்போது நல்ல கூட்டம்.

மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு மத்தியானம் மாமியாரம்மாவே எனக்கு போன் செய்தார். மூச்சு வாங்கியது.

"இன்னாம்மா, ஜேசிபி வந்துட்டுது இங்க! பின்னாடி தெருக்காரன் கழிவுநீர்த் தொட்டி தோண்டறானாம், காலி எடத்துல!"

நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. அந்தம்மா ஜேசிபி முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கீரை முறம். ஆய்ந்த கீரை ஒருபுறம், தண்டு ஒருபுறம். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார். குழாய்க்காரர்களுக்கு அம்மா முதலில் போன் செய்திருந்தார், பிறகு மகனுக்கு, பிறகுதான் எனக்கு.

"நான் சொன்னா அந்த ஆளு கேக்க மாட்டேன்றாரும்மா," என்று அம்மா பின்தெருக்காரரைக் காட்டினார். "எங்க எடத்துல நாங்க தோண்டுவோம்ன்றாரு. தோண்டுய்யா, நானும் எயிந்திருக்க மாட்டேன்னு குந்திட்டேன்."

பின்தெருக்காரர் அந்தப் பக்கத்து மனையை வாங்கியவர். பட்டையும் தன் இடம் என்று நினைத்திருக்கிறார். "எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் முகத்தில் கோபம் போய் பயம் வந்திருந்தது. ஜேசிபியின் பக்கெட் இறங்கியிருந்த இடத்தைப் பார்த்தேன். மேல்மண் மட்டும் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. குழாய் ஆட்கள் வந்து சோதித்து, ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னார்கள். அவருடைய மனையிலேயே தொட்டிக்கு வேறு இடம் காட்டிவிட்டுப் போனார்கள்.

அவருக்கு அந்த மனையை விற்றது யார் என்று நான் கேட்கவில்லை. என் கூட்டாளி கேட்டார். செய்தி தெரிந்து அவரும் வந்திருந்தார். பதிலைக் கேட்டுவிட்டு, "அந்த ஆளா? அவன் சாமிய வித்தாலும் விப்பான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நல்லவேள நீ சொன்னேக்கா" என்றார்.

அம்மா கீரையை ஆய்ந்து முடித்து எழுந்தார். டிரைவருக்கும் எங்களுக்கும் டீ வந்தது. அன்று சாயங்காலம் எனக்கு அம்பத்தூரில் ஒரு வீடு காட்ட வேண்டியிருந்தது, வாங்க வருபவர்கள் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். மாடிக்கு மேலே மின்கம்பி போகிறது என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். அவர்கள் மேலே பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார்கள்.