அண்ணையின் பெருவிரல்

அரங்கேற்றத்தில் வர்ணம் ஆடிக்கொண்டிருந்தபோது மண்டபத்தில் பல கைபேசிகள் ஒரே நேரத்தில் "டிங்" என்றன. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்டில் என் அண்ணை வேலை செய்த அதே களஞ்சியசாலைச் சனம். அந்தச் சத்தத்தின் பொருள் எல்லோருக்கும் தெரியும்: வேலை ஒன்று வந்திருக்கிறது, முதலில் அழுத்துகிறவருக்கே அது. மேடையில் ஆடியவள் அண்ணையின் ஒரே மகள். பட்டு வேட்டியோடு என் பக்கத்தில் இருந்த அண்ணையின் பெருவிரல், அவர் யோசிக்க முன்னமே அழுத்திவிட்டது.

விரும்பிய நேரத்தில் வேலை செய்யலாம் என்று சொல்லித்தான் வேலைக்குக் கூப்பிடும் அந்தச் செயலியை எல்லோர் தலையிலும் கட்டினார்கள். விசர்க் கதை! பிந்தி அழுத்தினால் வேலை இல்லை. எடுத்த வேலைக்குப் போகாவிட்டால் அடுத்த கிழமை ஒன்றுமே வராது. வாடகைக்கு வீட்டுக்காரன் பொறுத்திருப்பானா? அண்ணைக்கு வலது கை சோற்றில், இடது கை கைபேசியில். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டே கனகாலம். மகள் பள்ளிக்கூடத்துக் கதை சொல்ல வந்தால், "சொல்லு பிள்ளை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்பார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். அவள் பாதியில் நிறுத்தியதையும் அவர் கவனிப்பதில்லை. நாசமாய்ப் போன சாமான்!

அன்று அவர் என் காதுக்குக் குனிந்தார்.

"தம்பி, தெரியாமல் அமத்திப்போட்டன். போகாட்டி அடுத்த கிழமை பட்டினிதான். நன்றியுரையை நீ சொல்லு."

"உங்களுக்கென்ன விசரே, அண்ணை?" என்றேன்.

மகள் பார்த்துக்கொண்டிருக்கவே எழுந்து போனார். வேட்டிக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு களஞ்சியசாலைக்குப் போய்ச் சேர, லொறி வரவில்லை, ஆள் தேவையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் மண்டபத்துக்குத் திரும்பியபோது நாங்கள் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அவள் அழவில்லை. அழுது சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வேலையை அவர் விட்டுக் கனகாலம். சென்ற மாதம் அவளுடைய கலியாண அலுவல் கதைக்க மொன்ட்ரியால்-நோரில் அண்ணை வீட்டில் கூடினோம். அண்ணைதான் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மகளைத் தாரை வார்க்கும்போது எந்தக் கரை வேட்டி கட்டுவது என்று கேட்டுக் கேட்டு எங்களைக் கொன்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

"சித்தப்பா, தாரை வார்க்க நீங்களும் சித்தியும் நில்லுங்கோ."

அண்ணிக்கு முதலே சொல்லியிருக்கிறாள் போல. அண்ணி தலை நிமிரவில்லை.

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? அப்பா இருக்கிறாரே!" என்றேன்.

"ஓம், இருக்கிறார். கலியாணத்தண்டைக்கும் வேலை வந்தாலும் வரும்."

தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற அண்ணை, "நான் அந்த வேலையை விட்டுட்டன் பிள்ளை" என்றார்.

"தெரியும், அப்பா" என்றாள்.