குறில் ஜெயக்குமார்

இந்த ஜெர்மன் ஊரின் மருத்துவமனையில் என்னை குடும்பப் பெயராகப் பதிந்த என் நைனாவின் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். "ஹெர் அருமுகம்!" ஹெர் என்றால் திரு; ஆறுமுகம் என்று நீட்டிச் சொல்ல அவர்களுக்கு வருவதில்லை. திருத்தாமல் எழுந்து போவேன். திருத்தாமல் விட்ட வேறொன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

செஞ்சியில் எங்கள் வகுப்பில் இரண்டு ஜெயக்குமார்கள். நான் ஆ. ஜெயக்குமார், கடைத்தெருக்காரன். மேல்சித்தாமூரிலிருந்து பஸ்ஸில் வந்தவன் அப்பாண்டைராஜின் மகன் அ. ஜெயக்குமார். தமிழ் ஐயா அவனைக் குறில் என்றும் என்னை நெடில் என்றும் கூப்பிட்டார், அதுவே நிலைத்தது. ஆங்கிலத்தில் இருவருமே ஏ. ஜெயக்குமார்.

இருவரும் கணினி படித்தோம். நான் இங்கே வந்தேன். நோயாளித் தந்தைக்காக அவன் ஊரிலேயே இருந்துவிட்டான். பல மென்பொருள்களின் மூல நிரலைத் திரட்டி, நிறுவத் தயாரான பொதிகளாகக் கட்டித் தரும் கருவி ஒன்றை எங்கள் குழு வளர்த்தது. எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று பதிந்துவைக்கும் ஏற்பாடுகள் பல உண்டு: சப்வெர்ஷன், மெர்க்குரியல், கிட். நிரல் எதில் இருந்தாலும் எங்கள் கருவிக்கு எடுக்கத் தெரிய வேண்டும். அந்தப் பகுதியை எழுதியவன் குறில். யாரும் எழுதிச் சேர்க்கலாம், ஊதியம் இல்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்ட் அருகே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதினான். அப்போது நாங்கள் வைத்திருந்தது சப்வெர்ஷன். சர்வருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பதிவு. கரண்ட் போனால் வரும்வரை காத்திருப்பான்.

பிறகு கருவியின் பழைய வரலாற்றைக் கிட்டுக்கு மாற்றினோம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மின்னஞ்சல் தர வேண்டும். சக ஊழியன் யோனாஸ் கேட்டான்: "பழைய பதிவில் ஒரு ஏ. ஜெயக்குமார், இப்போதைய குழுவில் ஒரு ஏ. ஜெயக்குமார். எந்த மின்னஞ்சல் போட?"

"ஒரே பெயர்" என்றேன்.

ஒரே ஆள் என்று புரிந்துகொண்டு, எல்லாவற்றுக்கும் என் மின்னஞ்சலைப் போட்டான். அவன் தவறாகப் புரிந்துகொண்டது எனக்கு அப்போதே தெரியும். குழுத் தலைவரை அந்த வாரம்தான் முடிவு செய்ய இருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தலைவனானேன்.

தந்தை போனபின், ஐம்பது வயதில், குறில் சென்னையில் வேலை கேட்டுப் போனான். தான் எழுதியதைத் திறந்து காட்டியிருக்கிறான். வரிக்கு வரி என் ஜெர்மன் மின்னஞ்சல். அன்றே போன் செய்தான்.

"இன்னாடா நெடிலு, பொய்யன்னு சொல்லி அனுப்பிட்டானுங்க. என் பேரு எங்கடா போச்சு?"

"சிஸ்டம் மாத்தும்போது கலந்துடுச்சு. இனிமே பிரிக்க முடியாதுடா."

"முடியாதா? நீ சொன்னா சரிதான். உனக்குத் தெரியாததா!" என்று சிரித்தான்.

வரலாற்றைத் திருத்துவது பெருந்தொல்லை, உண்மை. ஆனால் இந்தப் பகுதியை எழுதியவர் இவர் என்று கோப்பின் முகப்பில் ஒரு வரி சேர்க்க ஒரு நிமிடம் போதும். சேர்க்கவில்லை. அவன் செஞ்சியில் ஜெராக்ஸ் கடை வைத்து, சென்ற ஆண்டு செத்தும் போனான்.

துக்கம் கேட்கப் போனபோது அவன் மனைவி சாந்தி போனை நீட்டினாள். "அவரு எழுதனதெல்லாம் இதுல இருக்குதுன்னு சொல்வாரு. காட்டுங்கண்ணா."

திறந்து கொடுத்தேன். விரல் வைத்துப் படித்தாள். "ஏ. ஜெயக்குமார்... தோ இருக்குதே! எத்தினி வாட்டி! இவருதானேண்ணா?"

"அதே பேருதாம்மா" என்றேன்.

திரும்பி வந்து அந்த ஒரு வரியை எழுதி அனுப்பினேன். இப்போது கருவியைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள்: அப்படி ஒருவர் எழுதியதற்கு எங்கள் வரலாற்றில் பதிவே இல்லையே, ஐயா.

நேற்றும் மருத்துவமனையில் "ஹெர் அருமுகம்!" என்றார்கள். ஆ போய் அ. குறில். வேறு யாராவது எழுகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் முறை அழைத்த பிறகுதான் எழுந்தேன்.