குளத்தில் விடாத மீன்

எங்கள் வீட்டில் மீன் சமைத்ததில்லை. முட்டைகூட வாசல் தாண்டி வந்ததில்லை. பக்கத்து வீட்டில் நெத்தோலி வறுக்கிற நேரம் பார்த்து என் மனைவி சாம்பிராணி போடுவாள்; பக்திக்காக என்றுதான் சொல்லிக்கொள்வாள். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து புறப்பட்ட நான்தான், பழையாற்றின் நாட்டு மீன்களைக் காப்பாற்றக் கிளம்பிய ஒரு சின்னக் குழுவின் செயலாளர். குழுவுக்குத் தலைவர் ஒரு விலங்கியல் ஆசிரியர். மற்ற எல்லாரும் மீன் இல்லாமல் சோறு இறங்காதவர்கள். என்னைத் தேர்ந்தெடுத்த காரணத்தை ஆசிரியர் கூட்டத்திலேயே சொன்னார்: "இவரு ஒருத்தருதான் பிடிச்சத வீட்டுக்குக் கொண்டு போவ மாட்டாரு."

எங்கள் வேலை எளிமையானது. மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்ததும் பாசனச் சானலை அடைப்பார்கள். தண்ணீர் இறங்கி, பள்ளம் கண்ட இடத்தில் மட்டும் தேங்கி நிற்கும். சானலில் இருந்த மீன் முழுக்க அந்தக் குட்டைகளில் வந்து சேரும். ஊரும் வந்து சேரும், கொசுவலை, பழைய சேலை, கூடை என்று கையில் கிடைத்ததோடு. வரால், கெளுத்தி எல்லாம் ஊருக்கு. விரல் நீளம்கூட இல்லாத அயிரை, ஆரல் குஞ்சு, பனையேறிக் கெண்டைக் குஞ்சு, இன்னும் ஆசிரியரே புத்தகம் பார்த்துப் பெயர் சொல்கிற சில பொடிகள் எங்களுக்கு. அவற்றை வாளியில் அள்ளிக் கோடையிலும் வற்றாத அம்மன் கோவில் குளத்தில் விடுவோம். மழை தொடங்கிச் சானல் திறந்ததும் குளம் நிறைந்து மடை வழியாக வழியும். மீன்களும் அதோடு வயலுக்கும் சானலுக்கும் ஆற்றுக்கும் போய்விடும். சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதும். செய்து முடிக்க என் இடுப்பு போதாது.

ஆகவே அந்தக் குளத்தில் என்ன இருக்கிறதோ, அதுதான் நாளைக்கு ஆற்றில் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. என் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கிடந்த மீனைப் பற்றித்தான் நான் யோசிக்காமல் இருந்துவிட்டேன்.

மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வாங்கியது. தொட்டியில் படிகிற பாசியைத் தின்று சுத்தமாக வைத்திருக்கும் என்று சொல்லிக் கடைக்காரர் கொடுத்த சக்கர் மீன். அப்போது சுண்டுவிரல் அளவு. கூட வாங்கிய தங்க மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. இது மட்டும் மிதக்கவில்லை. மகள் வேலை கிடைத்துப் பெங்களூர் போனாள், இது போகவில்லை. தென்னமெரிக்க ஆறுகளில் பிறந்த குலம், எங்கள் வீட்டு வெள்ளரிக்காயைத் தின்று முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. உடம்பெல்லாம் ஓடு, முதுகில் முள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நம்மைப் பார்க்கும்போது, நாம் கேட்ட கடனைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல இருக்கும்.

மகளுக்குப் பெங்களூரில் டெங்கு வந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போக, டாக்டர்கள் எங்களிடம் மெதுவான குரலில் பேச ஆரம்பித்தார்கள். நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று கைப்பேசியில் டெங்குவைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி செய்ய வேண்டியதைச் செய்தாள். நேர்ந்துகொண்டாள்.

மகள் பிழைத்தாள், எழுந்தாள், வேலைக்கும் போகத் தொடங்கினாள். நேர்ச்சை என்னவென்று அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

"பிள்ளைக்க மீன அம்மன் கொளத்துல விடுகேன்னு நேந்திருக்கேன். வாற வெள்ளிக்கெழம நல்ல நாளாம். தம்பி கொட்டாரத்துல இருந்து காரு கொண்டு வாறான்."

"அந்தக் கொளத்துலயா?"

"வேற எந்தக் கொளத்துல? உங்களுக்க மீனு மட்டும்தான் அங்க நீந்தணுமா?"

குழுவின் சார்பில் கல்லூரிகளில் நான் பேசுகிற பேச்சை அப்படியே அடுக்களையில் பேசினேன். இது அடித்தரையைச் சுரண்டித் தின்னும், அங்கே ஒட்டியிருக்கிற மற்ற மீனின் முட்டையையும் சேர்த்துத்தான் தின்னும். கரையைக் குடைந்து பொந்து போடும். முள்ளுக்குப் பயந்து நம் ஊர் மீன் எதுவும் இதை விழுங்காது. சாக்கடைத் தண்ணீரிலும் சாகாது. அவள் அவரைக்காய் நார் உரித்தபடி கேட்டாள். கல்லூரிப் பிள்ளைகளைவிடக் கவனமாகவே கேட்டாள்.

"எல்லாம் செரி. இது ஒத்த மீனு. தனியா நின்னு எப்படிப் பெருகும்? அதையும் சொல்லுங்க."

நானும் ஓர் அவரைக்காயை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தேன்.

"பின்ன, கொல்லணும்னு சொல்லுகியளா?"

"அப்பிடிச் சொல்லல்ல."

"பின்ன என்னதான் சொல்லுகிய?"

விடக்கூடாது, கொல்ல முடியாது, வைத்திருந்தால் நேர்ச்சைக்குக் குற்றம். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டின் நடுவே எழுந்துபோய்த் தொட்டியைப் பார்ப்பேன். அது பாட்டுக்குக் கிடக்கும். எங்கள் வீட்டில் நிம்மதியாக இருந்த ஒரே ஜீவன் அதுதான்.

இனயம் கடற்கரையிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டு வருபவர் தினமும் எங்கள் தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டே போவார். எங்கள் வாசலில் மட்டும் அடிக்க மாட்டார். மரியாதை. ஒரு நாள் காலையில் நான் கைதட்டிக் கூப்பிட்டேன். அவர் பிரேக் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"சாரே, நெசமாட்டா? சாளை வேணுமா, நெத்தோலி வேணுமா?"

அவரை உள்ளே அழைத்துத் தொட்டியைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். மீனும் பார்த்தது.

"இதுக்குத் தோலா, ஓடா?"

"ஓடுதான். நீங்க இத எடுத்துட்டுப் போயி…"

"போயி?"

"ஒரு ஏற்பாடு…"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொல்லணுமா? சாரே, எனக்க கைக்கு வாற மீனெல்லாம் நேரத்தே செத்தாச்சு. உசுரோட கெடக்கத, அதும் வீட்டுல வெள்ளரிக்கா போட்டு வளத்தத, நான் தொட மாட்டேன். உங்க பாவத்த ஏத்த எனக்க பெட்டியில எடமில்ல."

போகும்போது, எதிர்வீட்டு ஜன்னலுக்கும் கேட்கிற மாதிரி, "நாளைக்கு நல்ல சாளையாட்டுக் கொண்டு வாறேன் சாரே!" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று எங்கள் வீட்டில் சாம்பிராணி இரண்டு மடங்கு.

ஆசிரியரிடம் கேட்டேன். "கிராம்புத் தைலத்தத் தாராளமாத் தண்ணியில கலந்து விடும். மயங்கித் தூங்கிரும். பெறவு எழும்பாது. வலியே இல்ல," என்றார். வாங்கினேன். மூடியைத் திறந்துகொண்டு தொட்டி முன்னால் நின்றேன். மீன் வந்து என் முகத்துக்கு நேராக வாயை ஒட்டிக்கொண்டது. இதே வாய் முன்னால் என் மகள் நின்று பழிப்புக் காட்டியது ஞாபகம் வந்தது. மூடியை மூடினேன். வீடு முழுக்கப் பல்வலிக்காரன் வீடு மாதிரி மணத்தது. மீன் சௌக்கியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. சில நாள் முன்னால் அடைத்த சானலும் அன்றைக்குத்தான் வற்றிக் குட்டையானது. என் தலையெழுத்தைத் தேதி குறித்து நடத்துகிறார்கள். காலையிலிருந்து முட்டளவு சேற்றில் நின்று அடுக்களையில் மாவு சலிக்கிற அரிப்பால் அயிரை அள்ளினேன். பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரர் மனைவியின் சேலையை விரித்து வரால் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பொடியெல்லாம் நீங்க எடுத்துக்கிடுங்க. வரால நமக்கு விட்டுருங்க. உங்களுக்குப் புண்ணியம், எனக்குக் கொழம்பு."

ஆசிரியர் அதட்டினார். "செயலாளரே, குனிஞ்சு நில்லும். கோவிலுப் பக்கம் என்னத்தப் பாக்கேரு?"

முதல் வாளி நிறைந்ததும் ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு குளத்துக்குப் பறந்தேன். பறந்தேன் என்பது என் வேகத்துக்கு. சைக்கிள்காரர் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார்.

குளத்துப் படியில் என் மனைவி பட்டுச் சேலையில் நின்றாள். பக்கத்தில் அவள் தம்பி. கோவில் பூசாரி போற்றி கற்பூரத் தட்டோடு. கீழ்ப்படியில் பிளாஸ்டிக் பேசின், அதைச் சுற்றிப் பிச்சிப்பூ. உள்ளே எங்கள் மீன், முதன்முறையாக மாலை மரியாதையோடு.

"அத்தான், சரியான நேரத்துக்கு வந்திய," என்றான் மைத்துனன். "தூக்குகதுக்கு ஒரு கை வேணும். முள்ளு கிழிக்குது."

"இரு. விடாண்டாம்."

"ஏன் அத்தான்? ஒண்ணும் ஆவாது. இங்க தண்ணி இதுக்குப் பிடிக்கும். எங்க வீட்டுல கெடந்தது ரெண்டையும் தீபாவளிக்கு முந்தி இங்கதான விட்டோம்."

"ரெண்டா?"

"எங்க எதிர்வீட்டு டாக்டரும் ஒண்ணு விட்டாரு. தொட்டி கொள்ளாம வளந்தா எல்லாரும் இங்கதான் கொண்டு வாறாவ. கொல்லப்பிடாதுல்லா."

போற்றி ஆமோதித்தார். "குளிக்க எறங்குனா கால்ல சொரசொரன்னு தட்டுது. மொதலைன்னு நெனச்சு போன வாரம் ஒரு அம்மா ஈரச் சேலையோட ஓடிட்டா."

ஒத்தை மீன் என்ற என் மனைவியின் வாதத்தை அவள் தம்பியே அந்தப் படியில் வைத்து முடித்துவிட்டான். எனக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. ஏற்கெனவே இத்தனை கிடக்கும்போது இன்னொன்றால் என்ன கெட்டுவிடும் என்று அவள் கேட்டிருந்தால் நான் தோற்றிருப்பேன். அதைவிட மோசம், என் கையில் இருந்த வாளி. வாளிக்குள் பொடிகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வேறு தண்ணீர் பக்கத்தில் இல்லை. சக்கர் மீன்கள் குடியிருக்கிற வீட்டில்தான் இவற்றைக் குடிவைக்க வேண்டும்.

என் மனைவி படியிறங்கி வந்து வாளிக்குள் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இதுதானா உங்களுக்க மீனு?"

"ஆமா."

"ஏதோ பெருசா இருக்கும்னு நெனச்சேன்." ஒரு பனையேறிக் கெண்டை செவுளை ஊன்றி வாளியின் விளிம்புவரை ஏறிவிட்டது. அவள் ஒரு விரலால் அதை உள்ளே தள்ளினாள். விரலைச் சேலையில் துடைத்தாள், பட்டுச் சேலை என்பதை மறந்து. "இதுவள இப்ப எங்க விடப் போறிய?"

"இங்கதான். வேற போக்கில்ல."

அவள் பேசினைப் பார்த்தாள். மறுபடி வாளியைப் பார்த்தாள். கற்பூரம் பாதி எரிந்திருந்தது.

"இருக்கது போதும். தம்பி, இத காருல ஏத்து."

"அக்கா, நேர்ச்சை?"

"நேந்தது நான். எனக்குத் தெரியும்." என்னைப் பார்த்தாள். "அது சாகுறது வரைக்கும் தொட்டி கழுவுகது நீங்க. எனக்க பிள்ளைக்கு ஒண்ணு வந்தா அதுக்கு வகை சொல்லுகதும் நீங்க."

சரி என்றேன். என்ன பொறுப்பை ஏற்கிறேன் என்று தெரியாமல் சொன்ன சரி இல்லை. ஆனாலும் வாளியை ஒரேயடியாகக் கவிழ்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தேன். பொடிகள் கலைந்து பச்சைத் தண்ணீரில் மறைந்தன. எதன் பக்கமாகப் போயின என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு கோவிலில் அனுமதி வாங்கிக் குழு வலை போட்டது. வலைதான் கிழிந்தது. கிழிசலோடு இரண்டு சக்கர் கிடைத்தன. மீன் தின்கிற வீரர்கள், யார் கொல்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் கொடுத்த கிராம்புத் தைலத்தைக் கையில் வைத்திருந்த ஆசிரியர் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "உங்க வீடுதான் பாதுகாப்பு. அங்க யாரும் தின்ன மாட்டாவ," என்றார். கொல்லைப்புறச் சிமென்ட் தொட்டியில் இப்போது மூன்று ஆயுள் கைதிகள். என் மனைவி வெள்ளரிக்காய் நறுக்குகிறாள், நான் தொட்டி தேய்க்கிறேன். இனயத்துக்காரர் எங்கள் வாசலிலும் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். "சாரே, சரக்கு கூடுதே!"

போன வாரம் மகள் போன் பண்ணினாள். லேசாகக் காய்ச்சல் என்றாள், மழையில் நனைந்ததாம், கவலைப்பட ஒன்றுமில்லையாம். என் மனைவி கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். கொல்லைக்குப் போய்ச் சிமென்ட் தொட்டி பக்கத்தில் நின்றாள். நானும் போய் நின்றேன். பெரிய மீன் தண்ணீருக்கு மேலே வந்து ஒரு மடக்குக் காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போயிற்று.

"கொளத்துல விட்டியளே, அந்தப் பொடியெல்லாம் இருக்கா?"

"இருக்கும்."

"இருக்கும்னா?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். கீழ்ப்படி ஓரத்தில் நிழல் விழுகிற இடத்தில் கோடு கோடாக ஏதோ அசைந்தது. அயிரையாக இருக்கலாம், ஆல இலையின் காம்பாகவும் இருக்கலாம். காற்றில் தண்ணீர் சுருங்கிச் சுருங்கி விரிந்ததில் ஒன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை. காற்று அடங்கட்டும் என்று படியிலேயே நின்றேன், சட்டைப் பையில் இருந்த கைப்பேசியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு.