சுவர்ணாவுக்குத் தவறிய சொல்

"பசியாறிட்டீங்களா? எந்தத் தோட்டம் நீங்க?" என்று சாட்சிகளை விசாரித்தபடி ஈப்போ நீதிமன்ற நடையில் சுவர்ணா உலாத்துகிறார். வழக்கைப் பற்றி வாய் திறக்க மாட்டார். அவர்கள் பேச்சுக்குக் காதைப் பழக்கிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இருபத்தாறு வருட மொழிபெயர்ப்பாளர். தமிழில் வரும் சாட்சியத்தை நீதிபதிக்கு மலாயில் சொல்வது வேலை. பூட்டன் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கு வந்தவர்; ரப்பர் மரத்தை இவர் காரில் போகும்போது பார்த்ததோடு சரி. ஆனால் மர வரிசையைத் தோட்டத்தில் 'நெரை' என்பார்கள் என்பது முதல் எல்லாம் அவருடைய சட்டைப்பை அளவு 555 நோட்டில் இருக்கிறது. கேட்டால் காட்ட மாட்டார். "பாத்து என்னா செய்யப் போறீங்க, போங்கலா."

வேலி ஓரடி தள்ளிப் போனதற்காக அண்ணன் தம்பி ஏசிக்கொள்வதை, சூடு ஆறாமல், முகம் மட்டும் கல்லாக, மலாயில் சொல்வார். வாதிக்கும் "என் நிலம்", பிரதிவாதிக்கும் "என் நிலம்". இரண்டையும் நம்பத் தோன்றும். ஈப்போ சிலிபினில் சுவர்ணா இருப்பதோ வாடகை வீடு.

போன மாதம் சுங்கை சிப்புட் வழக்கு. தோட்டத்தை வாங்கிய புது முதலாளி, மங்களத்தம்மாளை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார். பழைய மானேஜர் எங்களுக்கென்றே அளந்து கொடுத்த இடம் என்பது அம்மாளின் கட்சி. நாற்பது வருடம் அங்கே எப்படி இருந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"சும்மாத்தான் இருந்தோம்யா. ஒருத்தரும் வந்து ஒன்னும் கேக்கல."

சுவர்ணா 'சும்மா'வை 'பெர்ச்சுமா' என்றார். மலாயில் அதற்கு இலவசம் என்று பொருள். வக்கீலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஓசியில் இருந்ததாகச் சாட்சியே ஒப்புக்கொண்டாயிற்று. சலுகையில் இருப்பவரை எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றலாமே!

இடைவேளையில் கேன்டீனில் நுரை ததும்பும் தே தாரேக் தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார் சுவர்ணா. "என்னாக்கா, சும்மா உக்காந்திருக்கீங்க?" என்றாள் கடைக்காரி புனிதா.

சுவர்ணா எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ புனிதா, அந்தம்மா காசப் பத்தியா பேசிச்சு?" தொந்தரவில்லாமல் இருப்பதும் சும்மாதானே.

மன்றம் கூடியதும் நீதிபதியிடம் மலாயில் சொன்னார்: "யாங் ஆரிஃப், அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சாட்சியைக் கேட்காமல் நானே ஒன்றை எடுத்துக்கொண்டேன். மறுபடி கேட்க வேண்டும்."

வக்கீல் துள்ளி எழுந்தார். தேநீர் குடித்துவிட்டு வந்து சாட்சி பேச்சை மாற்றுகிறார் என்றார். அங்கிருந்த இளம் வக்கீல்கள் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஒரு பிழை பதிவாகிவிட்டால் இனி எவரும் சுவர்ணாவின் சொல்லைக் கிளறலாம். இருபத்தாறு வருடப் பெயரை இப்படிப் பணயம் வைக்க ஒரு மனுஷிக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வருகிறதோ!

"யார் தவறு என்று பதிவு செய்வது?" என்றார் நீதிபதி.

மங்களத்தம்மாளின் முன்னால் இருந்த மைக்கை இழுத்து, சுவர்ணா தன் வாயருகே வைத்துக்கொண்டார்.