டாக்டர்தான் கொலைகாரர்!

ஒரு சஸ்பென்ஸ் சீரியலை இரண்டாவது தடவை உட்கார்ந்து பார்க்க முடியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். பார்க்க வைத்தார்கள்!

என் மகள் கவிதாவைப் பெண் பார்க்க சிங்காநல்லூரிலிருந்து வந்திருந்தார்கள். பையன் பம்ப் கம்பெனியில் இன்ஜினீயர். இதுவரை வந்த வரன்களுக்கெல்லாம் உதட்டைப் பிதுக்கியவள், இந்த போட்டோவை மட்டும் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். புரிந்துவிட்டது. எப்படியாவது இது முடிய வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. (அவளிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.)

“சத்தமாச் சிரிச்சுக் காரியத்தைக் கெடுத்துப்போடாதே கண்ணு” என்று கவிதாவிடம் காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லிவிட்டாள் என் மனைவி.

அவர்கள் உள்ளே வரும்போது டிவி ஓடிக்கொண்டிருந்தது. தற்செயலாக அல்ல... புதுக் கலர் டிவி வாங்கியிருப்பது வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் தெருவுக்கே அது தெரியும்!

அதில் பதின்மூன்று வாரம் ஊரையே உலுக்கிய கொலை சீரியலின் கடைசிப் பகுதி. மறு ஒளிபரப்பு. நான் அணைக்கப் போனேன்.

“இருக்கட்டுங்க, நீங்க பாத்துட்டு இருந்திருப்பீங்க” என்றார் பையனின் அம்மா.

“இன்னும் பாக்கலீங்க. நீங்க பாத்துட்டீங்களா?” என்றாள் என் மனைவி. வியாழக்கிழமையே பார்த்தவள்!

“நானும் பாக்கலீங்க.”

முடிந்தது கதை. பார்த்துவிட்டோம் என்றால் வந்தவர் மனசு கோணும். அணைத்தால் இன்னும் கோணும். எங்கள் கொங்கு மரியாதை இருக்கிறதே... அது வாயைத் திறக்க விடாது. பெண் பார்க்க வந்தவர்கள் டிவி பார்த்தார்கள். காபி ஆறியது. கவிதாவை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

வேறு வழியில்லாமல் நானும் பார்த்தேன். கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டால் சீரியல் என்ன பாடு படுகிறது தெரியுமா? செத்துக் கிடப்பவருக்குக் கண் இமை ஆடுகிறது. ஜன்னலுக்கு வெளியே பெய்யும் மழை, ஜன்னல் அகலத்துக்கு மட்டுமே பெய்கிறது. ஆனால் அந்த டாக்டர்! முதல் தடவை துக்கத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார் என்று நினைத்தேன். இப்போதுதான் கவனித்தேன் — கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கதவைப் பார்க்கிறார்.

திரையில் இன்ஸ்பெக்டர் கதவை நோக்கி நடந்தார். கதவு இன்னும் திறக்கவில்லை.

“அடப்பாவி... டாக்டருங்களா!” என்று நெஞ்சில் கை வைத்தார் பையனின் அம்மா.

கொலையாளி யாரென்று திரையில் தெரிய அரை நிமிடம் முன்னதாக!

“எனக்கும் அவர் மேலதானுங்க சந்தேகம்” என்று காப்பாற்றப் பார்த்தாள் என் மனைவி.

கவிதா சிரித்துவிட்டாள். சத்தமாக.

போச்சு, எல்லாம் போச்சு.

“ஏங்கண்ணு சிரிக்கறே?” என்று கேட்டார் அந்த அம்மா. முகத்தில் சிரிப்பு இல்லை.

“நாங்க எல்லாரும் வியாழக்கிழமையே பாத்துப்போட்டோமுங்க அத்தை. நீங்களும் பாத்துட்டீங்கதானுங்களே?”

அவர் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மிக்சரைப் பார்த்தேன்.

அப்போதுதான் மூலையிலிருந்து ஒரு பாவப்பட்ட குரல். மாப்பிள்ளைப் பையன்!

“ஏனுங்க... வியாழக்கிழமை எனக்கு செகண்ட் ஷிஃப்ட்டுங்க. நான் மட்டுந்தானுங்க இன்னும் பாக்கல.”

பதின்மூன்று வாரம் காத்திருந்த மனுஷன்! “டாக்டர்னு தெரிஞ்சுகிட்டே முதல்லயிருந்து பாருங்க, இன்னும் நல்லாயிருக்கும். எல்லா வாரமும் வீடியோ கேசட்ல பதிஞ்சு வெச்சிருக்கேனுங்க” என்றாள் கவிதா. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். கதை கேட்கிற முகமாக எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் போகும்போது “கலந்து பேசிச் சொல்றோமுங்க” என்று மட்டும்தான் சொன்னார்கள். அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கவிதா டிவி பக்கமே போகவில்லை.

மறுநாள் காலை போன் வந்தது.

“எங்க ஊட்ல எல்லாரும் மரியாதைக்கே பேசிப் பழகிட்டோமுங்க. உள்ளதைச் சொல்ல ஒரு ஆள் வேணுமுங்க. உங்க பொண்ணைக் குடுத்துருங்க” என்றார் அந்த அம்மா.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆனால் இதை அவர் மனசாரச் சொன்னாரா, மரியாதைக்குச் சொன்னாரா? எங்கள் வீட்டில் இப்போது ஓடும் சஸ்பென்ஸ் அதுதான்!